கிருமிகளுக்குச் சமைத்தவள்

முப்பத்தொரு வருடங்கள் நான் தினமும் சமைத்ததில் ஒரு கவளத்தைக்கூட எந்த மனிதரும் சாப்பிட்டதில்லை. சாப்பிட்டவை எல்லாம் கண்ணுக்குத் தெரியாத ஜீவன்கள். டைபாய்டு, நிமோனியா, காசநோய், சீழ் வைத்த காது, ஆறாத புண் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு கிருமி. ஒவ்வொரு கிருமிக்கும் ஒரு ருசி. அந்த ருசி தெரிந்து சமைப்பதுதான் என் உத்தியோகம்.

1983ல் பெங்களூரில் ஒரு மிஷன் ஆஸ்பத்திரியின் நுண்ணுயிரியல் பிரிவில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். என்னைப் போட்ட இடத்துக்கு ‘மீடியா ரூம்’ என்று பெயர். பாக்டீரியாவை வளர்ப்பதற்கான ஊட்டப் பொருளை லேபில் மீடியா என்பார்கள். இந்த ஒரு வார்த்தையால் நான் பட்ட பாடு கொஞ்சமல்ல. கேபிள் டி.வி. வந்த பிறகு, சேலத்திலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர், “பொண்ணு மீடியாவுல இருக்காளாமே, எந்தச் சேனல்?” என்று என் அப்பாவிடம் விசாரித்தார். அப்பாவும் விட்டுக்கொடுக்காமல், “சேனல் எல்லாம் இல்லீங்க, ஆஸ்பத்திரி மீடியா” என்றார். அவர் என்ன புரிந்துகொண்டாரோ, மேற்கொண்டு கேட்கவில்லை.

லிங்கராஜபுரத்துக்கு நாங்கள் குடி வந்தது 1985ல். கண்டோன்மென்ட் பக்கம் வேலை பார்க்கிற தமிழ்க் குடும்பங்களுக்கு அந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். பிரேசர் டவுன், குக் டவுன் வாடகை கட்டாது. ரயில் பாதையைத் தாண்டினால் கட்டும். எங்கள் தெருவில் தமிழ், கன்னடம், தெலுங்கு, மலையாளம் நான்கும் ஒரே குழாயடியில் சண்டை போடும். நான் செய்யும் வேலை தெருவுக்குத் தெரிந்தபோது எதிர்வீட்டு அம்மா கேட்ட கேள்வி நியாயமானது: “கிருமியை ஒழிக்கத்தானே ஆஸ்பத்திரி? நீ அதுக்குச் சோறு போட்டு வளக்கறியே, இது என்ன கண்ணு கூத்து?”

நான் அவருக்குச் சொன்ன பதிலையே இங்கேயும் சொல்கிறேன். பன்னிரண்டு நாளாகக் காய்ச்சல். உள்ளே இருப்பது யார் என்று தெரியாது. ரத்தத்தில் அந்த ஆள் சொற்பமாக இருப்பான். மைக்ரோஸ்கோப்பில் தேடினாலும் கிடைக்க மாட்டான். அவனுக்குப் பிடித்த சாப்பாட்டை வைத்து, 37 டிகிரி சூட்டில் ஓர் இரவு விட்டால், காலையில் லட்சக்கணக்கில் பெருகி, கண்ணுக்குத் தெரியும் புள்ளியாக வந்து உட்கார்ந்திருப்பான். அப்புறம் எந்த மருந்து போட்டால் சாவான் என்று அவனிடமே கேட்டுவிடலாம். எதிர்வீட்டு அம்மா யோசித்துவிட்டு, “பொறி வைக்கறேன்னு சொல்லு” என்றார். பாடப் புத்தகத்தில்கூட இவ்வளவு சுருக்கமாக நான் படித்ததில்லை.

மீடியா ரூம் என்பது நிஜமாகவே ஒரு சமையலறை. தராசு, பெரிய பெரிய கண்ணாடிக் குடுவைகள், அடுப்பு, வடிகட்டி, பஞ்சு. அடிப்படைச் சாப்பாடு எளிமையானது. இறைச்சிச் சாறு, புரதத்தை உடைத்து எடுத்த பெப்டோன் பொடி, உப்பு, தண்ணீர். இது திரவமாக இருந்தால் ‘பிராத்’. லிட்டருக்கு 15 கிராம் அகர் சேர்த்துக் காய்ச்சி ஆறவிட்டால் இறுகி அல்வா பதத்துக்கு வரும். புளிப்பு, காரத்தன்மையைச் சரிபார்த்து, ஆட்டோகிளேவில் 15 பவுண்டு அழுத்தத்தில், 121 டிகிரி சூட்டில் 15 நிமிடம் வைக்க வேண்டும். வீட்டு பிரஷர் குக்கரும் ஏறக்குறைய இதே அழுத்தத்தில்தான் வேலை செய்கிறது. வெளியூர் முகாம்களுக்குப் போகும்போது குக்கரிலேயே மீடியா தயாரித்திருக்கிறோம். விசில் எண்ணிக்கை மட்டும் நம்பக் கூடாது, கடிகாரத்தைப் பார்க்க வேண்டும்.

அந்த அகர் விஷயத்துக்கு ஒரு கதை இருக்கிறது. ஜெர்மனியில் ராபர்ட் கோக் கிருமிகளைத் தனித்தனியாகப் பிரித்து வளர்க்கத் தவித்துக்கொண்டிருந்த காலம். திரவத்தில் வளர்த்தால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடும். கெட்டியான பரப்பு வேண்டும். வேகவைத்த உருளைக்கிழங்கை வெட்டி அதன் மேல் வளர்த்துப் பார்த்தார்கள். எல்லாக் கிருமிகளுக்கும் கிழங்கு பிடிக்கவில்லை. எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டினைப் போட்டார்கள். அது 37 டிகிரியில் உருகி ஓடியது. போதாக்குறைக்குச் சில கிருமிகள் ஜெலட்டினையே தின்று தண்ணீராக்கின. (எங்கள் பெங்களூர் டிசம்பரில் ஜெலட்டின் மேஜை மேல் சமர்த்தாக நிற்கும், இன்குபேட்டருக்குள் வைத்தால் அதன் குணம் தெரிந்துவிடும்.)

1881ல் கோக்கின் லேபில் வேலை பார்த்த வால்தர் ஹெஸ்ஸே என்ற டாக்டர் இந்தத் தொல்லையை வீட்டில் புலம்பினார். அவர் மனைவி ஃபேனி, வெயில் காலத்திலும் உருகாத ஜெல்லி செய்யத் தெரிந்தவர். ஜாவாவில் வாழ்ந்த டச்சு அண்டை வீட்டார் மூலம் சிறு வயதிலேயே கற்ற கைப்பக்குவம். அவர் கையைக் காட்டிய பொருள்தான் அகர்-அகர் என்ற கடல்பாசிச் சரக்கு. 85 டிகிரிக்கு மேல் போனால்தான் உருகும். 40 டிகிரிக்குக் கீழே வந்தால்தான் இறுகும். பெரும்பாலான கிருமிகளால் அதைத் தின்ன முடியாது. 1882ல் காசநோய்க் கிருமியைக் கண்டுபிடித்ததை கோக் உலகத்துக்கு அறிவித்தபோது அகரைப் பற்றி ஒரு வரி எழுதினார். அந்த வரியில் ஃபேனியின் பெயரும் இல்லை, அவர் கணவரின் பெயரும் இல்லை. 1887ல் மூடி போட்ட தட்டு ஒன்றைச் செய்த பெட்ரியின் பெயர் மட்டும் உலகத்தின் எல்லா லேபிலும் தினமும் ஆயிரம் தடவை உச்சரிக்கப்படுகிறது. தட்டுக்குக் கிடைத்த மரியாதை சமையலுக்குக் கிடைக்கவில்லை. இது எனக்கு ஆச்சரியமாகவே இல்லை.

அகர் நமக்கு அன்னியப் பொருளும் அல்ல. மளிகைக் கடையில் ‘சைனா கிராஸ்’ என்று வெள்ளை இழைகளாகத் தொங்குவது அதுதான். எங்கள் தெருவில் கீழக்கரைக்காரக் குடும்பம் ஒன்று இருந்தது. ரம்ஜான் மாதத்தில் பாலும் சர்க்கரையும் போட்டுக் காய்ச்சிய கடல்பாசியைத் துண்டு போட்டுத் தட்டில் அடுக்கிக் கொடுத்துவிடுவார்கள். பகல் முழுக்க அதே பொருளைக் கிருமிகளுக்கு ஊற்றிவிட்டு வந்து, சாயங்காலம் ரோஸ் வாசனையோடு நான் சாப்பிடுவேன். என் தம்பி அதைத் தொட மாட்டான். நான் வீட்டில் லேப் கதை சொன்னதன் விளைவு.

இந்தப் பாசி ராமநாதபுரம் கடலில் விளைகிறது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சுற்றி மரிக்கொழுந்து, கஞ்சிப்பாசி என்று பெண்கள் பெயர் வைத்திருக்கும் வகைகளில் அகர் இருக்கிறது. இரண்டாம் உலகப் போரில் ஜப்பானிலிருந்து அகர் வருவது நின்றபோதுதான் மற்ற நாடுகள் தங்கள் கரைகளில் பாசி தேட ஆரம்பித்தன. நம் கரையிலும் ஆராய்ச்சி அப்போதுதான் சூடுபிடித்தது. பாறையில் ஒட்டியிருக்கும் பாசியை, விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சை அடக்கி முங்கிப் பிடுங்கி இடுப்புப் பையில் போடுகிறார்கள் பாம்பன் பக்கத்துப் பெண்கள். 1986ல் 21 தீவுகளும் தேசியக் கடல் பூங்காவான பிறகு அங்கே போவதே வழக்கு, கெடுபிடி என்றானது. பிறகு அவர்களே மாதத்தில் எத்தனை நாள் இறங்குவது என்று கட்டுப்பாடு வைத்துக்கொண்டார்கள். சின்னப்பாலத்தைச் சேர்ந்த லட்சுமி மூர்த்திக்கு 2015ல் அமெரிக்காவின் சீகாலஜி பரிசு கிடைத்ததைப் பேப்பரில் படித்தபோது, சக ஊழியர் ஒருவருக்கு விருது கிடைத்த மாதிரிதான் எனக்கு இருந்தது. லேபுக்கு வரும் சுத்திகரித்த அகர் எந்தக் கடலில் எடுத்தது என்று டப்பாவில் எழுதியிருக்காது. ஆனால் எங்கேயோ ஒரு பெண் முங்கித்தான் எடுத்திருப்பாள்.

எங்கள் வீட்டிலிருந்து பிரேசர் டவுனுக்கு நடந்தே போய்விடலாம். அந்தப் பேட்டை உருவானதற்கே ஒரு பாக்டீரியாதான் காரணம். 1898ல் பெங்களூரைப் பிளேக் தாக்கியது. கண்டோன்மென்ட்டின் நெருக்கடியான தெருக்களைக் குறைத்து, எலி நுழைய முடியாத, காற்றோட்டமான வீடுகளோடு ஒரு புதுக் குடியிருப்பு வேண்டும் என்று 1906க்குப் பிறகு எழுந்தது பிரேசர் டவுன். அந்தப் பிளேக்குக்கு முதல் தடுப்பூசியைச் செய்தவர் வால்டமர் ஹாஃப்கின். 1896ல் பம்பாய்க்கு வந்தவருக்கு கிராண்ட் மெடிக்கல் காலேஜில் ஒரு சிறு இடமும், ஒரு குமாஸ்தாவும், மூன்று பியூன்களும் கிடைத்தார்கள். அவர் கிருமியை வளர்க்கக் காய்ச்சிய சூப்பைப் பற்றிப் படித்தபோது நான் வாயைப் பிளந்தேன். மாட்டிறைச்சி என்றால் ஒரு சாரார் ஊசி போட்டுக்கொள்ள மாட்டார்கள், பன்றி என்றால் இன்னொரு சாரார் மாட்டார்கள் என்று ஆட்டுக்கறியில் சாறு எடுத்திருக்கிறார். மேலே நெய்யை மிதக்க விட்டிருக்கிறார்! பிளேக் கிருமி அந்த நெய்த் துளிகளைப் பிடித்துக்கொண்டு விழுது விழுதாகக் கீழே தொங்கி வளரும். 1897 ஜனவரி 10ந் தேதி அந்த மருந்தைத் தன் உடம்பிலேயே முதலில் குத்திக்கொண்டார்.

அப்பேர்ப்பட்ட மனிதரையும் ஒரு பாட்டில் கவிழ்த்தது. 1902 அக்டோபரில் பஞ்சாபின் மல்கோவால் கிராமத்தில் ஒரே பாட்டிலிலிருந்து ஊசி போடப்பட்ட 19 பேர் டெட்டனஸில் செத்துப்போனார்கள். தயாரிப்பில் கார்பாலிக் அமிலம் சேர்ப்பதை ஹாஃப்கின் நிறுத்தியிருந்ததால் பழி லேபின் மேல் விழுந்தது, பதவி போனது. பாட்டிலைத் திறந்த இடத்தில், கீழே விழுந்த இடுக்கியைச் சரியாகச் சுத்தம் செய்யாமல் பயன்படுத்தியதுதான் விவகாரம் என்று நிலைநாட்டி, 1907ல் அவரை விடுவித்தார்கள். மீடியா ரூமில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் முதலில் சொல்லும் கதை இது. ஸ்டெரிலைசேஷன் என்று போர்டில் எழுதிப் பாடம் நடத்துவதைவிட இது நன்றாக மண்டையில் ஏறுகிறது.

1992 கோடையில் எங்கள் தெருவில் ஏழு வீடுகளில் டைபாய்டு. பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஒன்பது வயது. முதல் வாரம் மெடிக்கல் ஷாப் மாத்திரை. இரண்டாவது வாரம் ஒரு கிளினிக். வைடால் டெஸ்ட் எடுத்து டைபாய்டு என்று சொல்லி குளோராம்பெனிக்கால் கொடுத்தார்கள். காய்ச்சல் இறங்கவில்லை. அவன் அம்மா தையல் வேலை செய்பவர்; அப்பா பெயிண்டர். “அக்கா, மருந்து குடுத்துக்கிட்டேதான் இருக்கோம், புள்ள கரைஞ்சுக்கிட்டே போறான்” என்று அவர் என் வாசலில் வந்து நின்றபோது இரவு ஒன்பது மணி இருக்கும். மறுநாள் காலை எங்கள் ஆஸ்பத்திரியில் சேர்த்தோம்.

ரத்தம் ஐந்து மில்லி. அதற்கான சாப்பாடு, மாட்டுப் பித்தம் கலந்த பிராத். பித்தப்பையிலேயே குடித்தனம் நடத்தக்கூடியது டைபாய்டு கிருமி. மற்றக் கிருமிகள் பல முகம் சுளிக்கும் பித்தம் அதற்குத் தாய்வீடு. ஏற்கெனவே மருந்து உள்ளே போயிருந்ததால் வளருமா என்ற பயம் இருந்தது. ஆன்டிபயாடிக் சாப்பிட்ட பிறகு எடுக்கும் ரத்தத்தில் பல நேரம் ஒன்றும் முளைக்காது. நோயாளி குணமானதாக அதற்கு அர்த்தமல்ல. சாட்சி ஓடிவிட்டான் என்றுதான் அர்த்தம். அந்தக் கிருமி மருந்துக்கு அடங்காத ரகம் என்பதால், பிழைத்துக் கிடந்தது. இந்த அதிர்ஷ்டத்தை என்னவென்று சொல்ல?

இரண்டாம் நாள் மக்காங்கி தட்டில் தடவினோம். ஆல்பிரட் மக்காங்கி என்ற பிரிட்டிஷ்காரர் சாக்கடைத் தண்ணீரை ஆராயப்போய் 1900களின் தொடக்கத்தில் உருவாக்கிய மீடியா. பித்த உப்பு, பால் சர்க்கரையான லாக்டோஸ், நியூட்ரல் ரெட் என்ற சாயம். லாக்டோஸைத் தின்னும் கிருமி அமிலத்தைக் கக்கும். உடனே அதன் புள்ளிகள் ரோஜா நிறமாகும். நம் குடலில் குடியிருக்கும் ஈ.கோலை அப்படித்தான் சிவக்கும். டைபாய்டு கிருமிக்கு லாக்டோஸ் வேண்டாம். நிறமில்லாமல் தண்ணீர்த் துளி மாதிரி நிற்கும். அன்று காலை தட்டைத் திறந்தபோது அத்தனையும் தண்ணீர்த் துளிகள்.

அடுத்தது முல்லர்-ஹின்டன் தட்டு. எந்த மருந்துக்குச் சாகும் என்று பார்ப்பதற்கு. கிருமியைத் தட்டு முழுக்கப் பூசி, மருந்து தோய்ந்த சிறு காகித வில்லைகளை வைத்தால், வேலை செய்யும் மருந்தைச் சுற்றி வெற்று வட்டம் விழும். இந்தத் தட்டில் அகரின் கனம் 4 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். மெல்லிசாக ஊற்றினால் வட்டம் பெரிதாகி, கேட்காத மருந்து கேட்பதாகக் காட்டும். தடித்துப்போனால் நல்ல மருந்தையும் உதவாது என்று சொல்லும். டாக்டர் எழுதும் சீட்டு என் கரண்டியின் ஓர் அசைவில் மாறிப்போகும். இந்த மீடியாவை 1941ல் ஹார்வர்டில் உருவாக்கியவர்கள் இருவர். ஜான் முல்லர் பேராசிரியர். ஜேன் ஹின்டன் அவருடைய லேப் டெக்னீஷியன். கறுப்பினப் பெண்ணான ஜேன் பிறகு கால்நடை மருத்துவம் படித்து 1949ல் பட்டம் வாங்கினார். ஒரு டெக்னீஷியனின் பெயர் மீடியாவில் நிலைத்துவிட்டது என்பதாலேயே அந்த டப்பாவின் மேல் எனக்குத் தனிப் பாசம்.

பையனின் தட்டில் குளோராம்பெனிக்காலைச் சுற்றி வட்டமே இல்லை. ஆம்பிசிலின், கோட்ரைமாக்சசோல் இரண்டுக்கும் இல்லை. அப்போது புதுசாக வந்திருந்த சிப்ரோபிளாக்சசினுக்கு மட்டும் தாராளமான வட்டம். குளோராம்பெனிக்காலுக்கு அடங்காத டைபாய்டு 1972லேயே கோழிக்கோட்டில் தலைகாட்டியது. 1990களின் தொடக்கத்தில் மூன்று மருந்துகளையும் எதிர்த்து நாடு முழுக்கப் பரவியிருந்தது. எங்கள் டாக்டரம்மா குழந்தைகள் வார்டுக்குத் தானே போய் ரிப்போர்ட்டைக் கொடுத்தார். மருந்தை மாற்றிய ஐந்தாம் நாள் காய்ச்சல் விட்டது. பையன் கேட்ட முதல் சாப்பாடு தயிர் சாதமும் மாவடுவும்.

அதோடு விடவில்லை. கொதிக்க வைத்த பாட்டில்களில் தெருக் குழாய்த் தண்ணீரைப் பிடித்துக்கொண்டு போனேன். ஊதா நிற மக்காங்கி பிராத்தில் விட்டு வைத்ததில் மறுநாளே குழல்கள் மஞ்சளாகி, உள்ளே கவிழ்த்திருந்த சின்னக் குழலில் வாயு ஏறியிருந்தது. மலக்கழிவு கலந்த தண்ணீருக்கு இதுதான் அறிகுறி. டாக்டரம்மா கையெழுத்திட்ட தாளை எடுத்துக்கொண்டு தெருப் பெண்கள் பதினொரு பேர் புகார் கொடுக்கப் போனார்கள். கன்னடத்தில் பேச ஒருவர், சத்தம் போட மற்றவர்கள். மூன்றாவது தடவை போன பிறகு தெருவைத் தோண்டினார்கள். சாக்கடைக் குழாயும் குடிநீர்க் குழாயும் ஒன்றன் மேல் ஒன்று படுத்திருந்தன.

ரத்தம் சேர்த்த மீடியாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். தொண்டையில் வரும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ், நிமோனியாக் கிருமி எல்லாம் வெறும் இறைச்சிச் சாற்றில் திருப்திப்படாத பெரிய வீட்டுப் பிள்ளைகள். அவற்றுக்கு ஆறிய அகரில் நூற்றுக்கு ஐந்து பங்கு செம்மறி ஆட்டு ரத்தம் சேர்க்க வேண்டும். கிருமி ரத்த அணுக்களை உடைத்தால் புள்ளியைச் சுற்றி மீடியா தெளிந்துவிடும். அரைகுறையாக உடைத்தால் பச்சையாகும். இந்த ஒரு நிற வித்தியாசத்தை வைத்துத்தான், குழந்தையின் தொண்டை வலி பின்னால் இதய வால்வைக் கெடுக்கும் ரகமா என்று சந்தேகிப்போம். அதே ரத்த அகரைச் சூடாக்கி அணுக்களை உடைத்துவிட்டால் பழுப்பு நிறமாகும். பெயர் சாக்லேட் அகர். மூளைக்காய்ச்சல் குழந்தைகளின் தண்டுவட நீரை இதில்தான் போடுவோம். சாக்லேட் என்ற வார்த்தையைக் கேட்டு எங்கள் தெருப் பிள்ளைகள் ஒரு துண்டு கேட்டு நச்சரித்தார்கள்.

ஆஸ்பத்திரியின் பின்கட்டில் ஆறு செம்மறிகள் இருந்தன. கே.ஜி.எஃப்.பிலிருந்து வந்த அட்டெண்டர் அண்ணன் அவற்றுக்கு மேய்ப்பன். ஆட்டைக் கொல்வதில்லை. கழுத்து நரம்பில் ஊசி போட்டு அளவாக ரத்தம் எடுத்து, சில வாரம் ஓய்வு கொடுத்து, முறை வைத்து எடுப்போம். ரத்தம் உறையாமல் இருக்கக் கண்ணாடி மணிகள் போட்ட குடுவையில் பத்து நிமிடம் குலுக்க வேண்டும். நார் நாராகத் திரள்வது மணிகளில் ஒட்டிக்கொள்ளும். அண்ணன் குலுக்கிக்கொண்டே பழைய சினிமாப் பாட்டு பாடுவார். இரண்டு பாட்டு முடிந்தால் நேரம் சரியாக இருக்கும்.

2003ல் நிர்வாகத்தில் புதிதாக வந்த ஒருவர் ஆட்டுக்கான தீவனச் செலவைப் பார்த்துவிட்டு, “ரத்த வங்கியில் தேதி முடிந்த ரத்தம் சும்மாத்தானே போகிறது, அதை ஊற்றுங்கள்” என்றார். கேட்பதற்கு புத்திசாலித்தனமாகத்தான் இருக்கும். பல சிறிய லேப்கள் அப்படித்தான் செய்தன. ஆனால் மனித ரத்தத்தில் அந்தக் கிருமிகளுக்கு எதிரான எதிர்ப்புப் பொருள்கள் இருக்கும். கொடுத்தவர் சாப்பிட்ட ஆன்டிபயாடிக் இருக்கலாம். உறையாமல் இருக்கச் சேர்த்த சிட்ரேட் இருக்கும். கிருமி சரியாக வளராது. வளர்ந்தாலும் வட்டம் தெளிவாக இருக்காது. தட்டு ஊற்றுகிற எனக்கு ஹெபடைடிஸ், எச்.ஐ.வி. பயம் வேறு. எங்கள் டாக்டரம்மா வாதாடவில்லை. ஒரே குழந்தையின் தொண்டைக் கிருமியை ஆட்டு ரத்தத் தட்டிலும் மனித ரத்தத் தட்டிலும் தடவி, இரண்டையும் மூடி ஒட்டி, நிர்வாகியின் மேஜை மேல் வைத்தார். ஒன்றில் நிலா மாதிரி வட்டங்கள். மற்றதில் மங்கல். “உங்க பேத்தியோட ரிப்போர்ட்டை எதைப் பார்த்து எழுதட்டும் சார்?” என்று மட்டும் கேட்டார். ஆடுகள் இன்னும் எட்டு வருஷம் இருந்தன.

காசநோய்க் கிருமிக்குச் சமைப்பது பொறுமைசாலிகளின் வேலை. அதற்கு முட்டை வேண்டும். முட்டைகளைச் சோப்புப் போட்டுக் கழுவி, ஸ்பிரிட்டில் நனைத்து, உடைத்து அடித்து, மாலகைட் கிரீன் என்ற பச்சைச் சாயம் சேர்த்து, சாய்த்து வைத்த குழல்களில் ஆவிச் சூட்டில் இறுக்க வேண்டும். 80 டிகிரி சொச்சத்தைத் தாண்டினால் பொத்தல் விழுந்துவிடும். இட்லி அவிக்கிற நிதானம் வேண்டும். அப்புறம் ஆறு வாரம், எட்டு வாரம் காத்திருக்க வேண்டும். 1959லிருந்து பெங்களூரிலேயே இருக்கும் தேசியக் காசநோய் நிறுவனத்துக்குப் பயிற்சிக்குப் போனபோது, வரிசை வரிசையாகப் பச்சைக் குழல்கள் காத்திருப்பதைப் பார்த்தேன். இப்போது ஜீன்எக்ஸ்பர்ட் இயந்திரம் இரண்டு மணி நேரத்தில் காசநோயையும், ரிஃபாம்பிசின் கேட்குமா கேட்காதா என்பதையும் சொல்லிவிடுகிறது. நல்லதுதான். எட்டு வாரத்துக்குள் இறந்துபோனவர்களின் ரிப்போர்ட்டுகளை நான் கையால் எழுதியிருக்கிறேன்.

2011ல் எங்கள் மீடியா ரூம் சுருங்கியது. ஊற்றித் தயாரான தட்டுகள் மும்பையிலிருந்து பெட்டி பெட்டியாக வர ஆரம்பித்தன. அவை என் தட்டுகளைவிட மோசம் என்று சொல்ல மாட்டேன். எல்லாம் ஒரே கனம், ஒரே நிறம். எனக்குத் தலைவலி வந்த நாளில் ஊற்றியது, வராத நாளில் ஊற்றியது என்ற பேதம் கிடையாது. என் குறை வேறு. தட்டுகள் ஃபிரிட்ஜில் தேதி முடிந்து கிடந்தன. கல்ச்சருக்கு அனுப்பும் வழக்கமே குறைந்துகொண்டு வந்தது. மூன்று நாள் காத்திருக்க நோயாளிக்குப் பொறுமை இல்லை. எழுதிக் கொடுக்க டாக்டருக்கு நேரமில்லை. வலுவான மருந்தாக ஒன்றைக் கொடுத்துப் பார்ப்பது சுலபம். நான் ஓய்வு பெற்ற 2014ல்தான் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாத ஆன்டிபயாடிக்குகளுக்கு எச்1 என்ற புதிய பட்டியல் அமலுக்கு வந்தது. அட்டையில் சிவப்புக் கட்டம் போட்டு எச்சரிக்கை அச்சாகியிருக்கும். அந்தக் கட்டத்தை எதிரே வைத்துக்கொண்டே, “அஞ்சு நாளா, மூணு நாளா?” என்று கடைக்காரர் கேட்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 2016ல் பாகிஸ்தானின் சிந்து மாகாணத்தில் டைபாய்டு கிருமி இன்னும் இரண்டு வகை மருந்துகளைத் தூக்கி எறிந்தது. வாய் வழி மருந்தில் அங்கே மிச்சம் இருப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். அந்தப் பெயரைத்தான் நம் கடைகளில் சளிக்கும் இருமலுக்கும் கேட்டு வாங்குகிறார்கள்.

பக்கத்து வீட்டுப் பையனுக்கு இப்போது நாற்பது வயது தாண்டிவிட்டது. கம்மனஹள்ளியில் கார் மெக்கானிக் ஷாப் வைத்திருக்கிறான். போன வருஷம் மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் என் வாசலில் வந்து நின்றான். மகளுக்கு ஆறு நாளாகக் காய்ச்சல். குழந்தை டாக்டர் பார்த்துவிட்டு டைபாய்டாக இருக்கலாம் என்று மாத்திரை எழுதியிருக்கிறார், கல்ச்சரும் எழுதியிருந்தார். “அக்கா, மாத்திரையை இப்பவே குடுக்கட்டுமா, ரத்தம் எடுத்தப்புறம் குடுக்கட்டுமா?” என்றான். அவன் அம்மா சொல்லி அனுப்பியிருக்கிறார் என்று நினைக்கிறேன். குழந்தை தெளிவாகத்தான் இருந்தாள். தண்ணீர் குடித்தாள், பேசினாள். டாக்டருக்கே போன் போட்டுக் கேட்டோம். ரத்தம் எடுத்துவிட்டு இன்றிரவே ஆரம்பியுங்கள் என்றார்.

மெயின் ரோட்டில் இருந்த கலெக்‌ஷன் சென்டரில் உட்கார்ந்திருந்த பையன் கல்ச்சர் பாட்டில் ஸ்டாக் இல்லை என்றான். யாரும் கேட்பதில்லையாம். வைடால் வேண்டுமானால் இப்பவே எடுத்துவிடலாம், காலையில் ரிப்போர்ட் என்றான். நான் எழுந்திருக்கவில்லை. அவன் இரண்டு கிளைகளுக்கு போன் செய்தான். மூன்றாவதாக ஒரு கிளையில் இரண்டு பாட்டில் இருந்தது. பைக்கில் ஆள் அனுப்பினார்கள். பாட்டில் வந்து சேர்ந்தபோது மணி பத்தரை. மேல்மூடியைத் துடைத்து, லேபிளில் தேதியைப் பார்த்து, இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது என்று சொல்லி நான்தான் கொடுத்தேன். மாத்திரை அட்டை அதுவரை அவன் சட்டைப் பையிலேயே இருந்தது.